நடுப்படி, கட்டில் கட்டை, நாடாச் சாய்மானம்: வீட்டோடு இருப்பவர்களுக்கு மரவேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மரவேலை என்றதும் பையன்கள் முதலில் கேட்பது “டிரில் எங்கண்ணே?” என்பதுதான். டேப்பை யாரும் கேட்பதில்லை. முதல் வருடம் நானும் கேட்கவில்லை. மதுரை செல்லூர்ப் பக்கம் எங்கள் தெரு நற்பணி மன்றத்தில் ஒரே உயரத்தில் ஐந்து முக்காலி செய்து ஐந்து வீட்டில் கொடுத்தோம். மூன்றாவது வீட்டு அப்பத்தாவுக்கு அதில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. அந்த முக்காலியில் இன்றைக்கும் தண்ணீர்க் குடம்தான் உட்கார்ந்திருக்கிறது.

படுத்த படுக்கையாகவோ, வாசலைத் தாண்ட முடியாமலோ வீட்டோடு இருக்கும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்குச் சின்னச் சின்ன மரச்சாமான் செய்துகொடுக்க நினைக்கும் இளைஞர் குழுவுக்காக இதை எழுதுகிறேன். எட்டுப் பத்துப் பேர், ஐந்து ஞாயிற்றுக்கிழமை, மூன்று வீடு. முதல் முறைக்கு இதற்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

1. மாதத்தைப் பார்த்து ஆரம்பியுங்கள்

தை பிறந்து ஜல்லிக்கட்டுப் பேச்சு அடங்கியபின் தொடங்கி, பங்குனிக்குள் முடிப்பது நல்லது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் ஒரு பையன் கையில் சிக்கமாட்டான். ஆடியில் காற்று, ஈரப் பெயிண்டின் மேல் தெருப்புழுதி முழுக்க வந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், பூச்சும் காயாது.

2. வீடுகளைத் தேடுவது

“யாருக்கு வேணும்?” என்று தெருவில் பொதுவாகக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். முடியாமல் கிடப்பதைச் சொல்லிக்கொள்வதில் பலருக்குக் கூச்சம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் தன்னார்வலர்களுக்கும் பிசியோதெரபி செய்ய வருகிறவர்களுக்கும் எந்த வீட்டில் யார் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார்கள் என்று தெரியும். அவர்களிடம் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். “இப்படிச் செய்கிறோம், விருப்பம் உள்ள வீட்டார் எங்களைக் கூப்பிடட்டும்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். கூப்பிட்ட வீட்டுக்குப் போவதுதான் மரியாதை.

இன்னொரு ஆள், தெருவில் வேலை தெரிந்த ஆசாரி. மரம் வாங்கும் நாளும் முதல் அறுப்பு நாளும் அவர் உடன் இருக்க வேண்டும். அவருக்கு அன்றைய கூலியை முழுதாகக் கொடுங்கள். சேவை செய்ய நினைத்தது நாம். அதற்காக அவர் ஏன் கூலியை விட வேண்டும்?

3. அளவெடுக்கும் நாள்

வேலையில் பாதி இதுதான். இதை அவசரப்படுத்தினால் பிறகு எவ்வளவு அழகாக இழைத்தும் பிரயோசனமில்லை.

மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். அளக்கப்போவது பெண்மணியை என்றால் குழுவில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். முழங்கால் மடிப்பில் டேப் வைக்க ஒரு பையன் குனிந்தால் அப்பத்தா காலை இழுத்துக்கொள்வார், அளவு தப்பாகும். ஆளைப் படம் எடுக்க வேண்டாம். வாசலைப் படம் எடுக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

டேப்பை உடனே வெளியே எடுக்காமல் முதலில் பாருங்கள். வீட்டார் ஒருவர் பக்கத்தில் நிற்க, “எப்பவும் எப்படி எந்திரிப்பீங்களோ அப்படி ஒருதரம் எந்திரிச்சுக் காட்டுங்க தாத்தா” என்று கேளுங்கள். முடியாதென்றால் வற்புறுத்தக் கூடாது. எழும்போது கை எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு வீட்டில் வாசல் நிலையின் இடப்பக்கம், இடுப்பளவு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தது. வலப்பக்கம் பெயிண்ட் அப்படியே இருந்தது. தாத்தா இடது கையை நம்பித்தான் படி இறங்குகிறார் என்று அந்தக் கறுப்பே சொல்லிவிட்டது. நாங்கள் வைக்கவிருந்த படி அந்தக் கையை மறைக்காதபடி பார்த்துக்கொண்டோம்.

பிறகு அளவுகள். உட்கார்ந்த நிலையில் உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எடுங்கள். வீட்டுக்குள் செருப்புப் போடுபவர் என்றால் செருப்போடு. கட்டிலின் உயரத்தை ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும், ஏனென்றால் வெறும் கட்டிலை அளந்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஏமாற்றும். தெருவிலிருந்து நிலைப்படியின் மேல்விளிம்பு வரை உள்ள உயரத்தை இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலும் எடுங்கள். சந்துகளில் சிமென்ட் ரோடு போடப்போட ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். கதவைத் திறந்து வைத்தபின் மிஞ்சும் அகலம், வாசலை ஒட்டிச் சாக்கடை மூடி இருந்தால் அது இருக்கும் இடம், இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூடியின் மேல் எதையும் வைக்க முடியாது. அதைத் தூக்கித்தான் அடைப்பு எடுப்பார்கள்.

எல்லாம் சென்டிமீட்டரில் இருக்கட்டும். மரக்கடையில் அடி, இஞ்சில்தான் பேசுவார்கள். அதை மாற்றிச் சொல்லும் வேலை ஒரே ஒருவருடையது. ஒருவன் 17 என்று வெறும் எண்ணை எழுதிவைக்க, இன்னொருவன் அதைத் தன் கணக்கில் படித்து அறுத்த பலகை எங்கள் மன்றத்துச் சுவரில் இன்னும் சாய்ந்து நிற்கிறது. அளக்கும் டேப்பும் அறுக்கும் நாள் டேப்பும் ஒன்றாகவே இருக்கட்டும். கொக்கி தளர்ந்த டேப் இரண்டு மில்லிமீட்டர் பொய் சொல்லும். ஒரே டேப் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே பொய்தான்.

கடைசியாக, செங்கல்லும் ஒரு பலகையும் கொண்டுபோய், செய்யப்போகும் உயரத்துக்கு அடுக்கிக் கையைப் பிடித்தபடி ஏறச் சொல்லிப் பாருங்கள். இந்தப் பத்து நிமிடம் ஒரு பிளைவுட் ஷீட்டை மிச்சப்படுத்தும்.

4. எதைச் செய்வது, எதைத் தொடாமல் விடுவது

கைத்தடியோ நிலையோ பிடித்து நடப்பவருக்கு, தெருவுக்கும் நிலைப்படிக்கும் நடுவே வைக்கும் நடுப்படி. கட்டிலிலிருந்து எழ முடியாதவருக்கு, கட்டில் கால்களுக்கு அடியில் வைத்து உயர்த்தும் கட்டில் கட்டை. படுத்தே இருப்பவர் உட்கார்ந்து சாப்பிடச் சாய்மானம். முதல் வருடத்துக்கு இந்த மூன்றே போதும்.

சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பலகை கேட்பார்கள். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். உயரத்தில் ஒரு பங்குக்கு நீளத்தில் 12 பங்கு என்பது சரிவுப்பாதைக்கான பொது அளவு. வாசல் 22 சென்டிமீட்டர் என்றால் சரிவு 264 சென்டிமீட்டர் வேண்டும், எட்டரை அடிக்கு மேல். சந்தே ஆறடிதான். குட்டையாகச் செங்குத்தாகச் செய்தால் தள்ளுகிறவரோடு சேர்ந்து வண்டி பின்னால் வரும். வாக்கர் வைத்து நடப்பவருக்கும் நடுப்படி வேண்டாம். வாக்கரின் நான்கு காலும் ஆளும் சேர்ந்து நிற்கிற ஆழத்துக்குப் படி செய்தால் தெருவை அடைத்துவிடும்.

குளியலறைக் கைப்பிடியை மரத்தில் செய்யாதீர்கள். பழைய சுவரில் ஸ்க்ரூ பிடிக்காது. பிடித்தமாதிரி இருந்து, ஆள் சாயும்போது வந்துவிடும். அது கொத்தனாரும் ஸ்டீல் கம்பியும் சேர்ந்து செய்கிற வேலை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும்.

நிலைப்படியில் ஆணி, ஸ்க்ரூ எதுவும் கூடாது. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற இடம் அது. எங்கள் பையன் டிரில்லை அதன் மேல் வைத்ததும் அந்த வீட்டு அம்மாச்சி, “ஏய்யா, லட்சுமி நிக்கிற இடத்துலயா ஓட்ட போடுற?” என்று கேட்டார். பிறகு அந்த வீட்டில் எங்களுக்குக் காபி கிடைக்க இரண்டு வாரம் ஆனது. படி தானாகத் தரையில் உட்கார வேண்டும்; வாசல் தெளித்துக் கோலம் போடும்போது தூக்கி வைக்கவும் முடிய வேண்டும்.

5. மரம் வாங்குவது

அளவு எடுக்குமுன் மரம் வாங்காதீர்கள். யாராவது “வீட்ல பலகை சும்மா கிடக்கு, எடுத்துக்கங்க” என்பார்கள். அந்தப் பலகைக்கு ஏற்ற மாதிரி படி செய்யும் புத்தி வந்துவிடும்.

மேல்பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. வகை, ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். வாசல் தினமும் நனையும். விலை குறைந்த எம்.ஆர். வகை வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கானது. தண்ணீர் பட்டால் ஏடு ஏடாகப் பிரியும். இரண்டு நடுப்படிக்கும் இரண்டு செட் கட்டில் கட்டைக்கும் 8×4 அடி ஷீட் ஒன்று தாராளம். ஒவ்வொரு அறுப்பிலும் வாள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தின்னும் என்பதை மட்டும் கணக்கில் சேருங்கள்.

சட்டத்துக்கு வேம்பு எங்கள் பக்கம் மலிவு. கரையான் அதிகம் அண்டாது. ஆனால் மில்லில் அன்று அறுத்த பச்சை மரத்தை வாங்காதீர்கள். காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும், போட்ட ஸ்க்ரூ எல்லாம் தளரும். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்றும் பச்சை மொத்தென்றும் ஒலிக்கும். கையில் தூக்கினாலே எடையில் வித்தியாசம் தெரியும்.

இடித்த வீட்டுத் தேக்குக் கதவு, ஜன்னல் கிடைத்தால் நல்ல மரம்தான். இரண்டு எச்சரிக்கை. உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும், காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. பெயிண்ட் அடித்த பக்கத்தை விட்டுவிட்டு வெறும் மரமாக உள்ள துண்டை மட்டும் எடுங்கள்.

6. கருவியைத் தொடுமுன்

கைவாள், மூலைமட்டம், ரசமட்டம், டிரில், பலகையை இறுக்கிப் பிடிக்கச் சி-கிளாம்ப் நான்கு, சுத்தியல், உளி, 80, 120, 220 நம்பர் உப்புத்தாள். இவ்வளவு போதும். நீள அறுப்புகளைக் கடையிலேயே மெஷினில் போட்டு வாங்கிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கரண்ட் வாளைத் தொட வேண்டாம்.

கைக்கயிறு, காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். சாமி கயிறு என்று முறைப்பார்கள். டிரில் பிட்டில் கயிறு சுற்றினால் மணிக்கட்டையும் சேர்த்து இழுக்கும். அதே காரணத்துக்காக டிரில் பிடிக்கும் கையில் கையுறையும் கூடாது. கைலியும் தோளில் துண்டும் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஸ்க்ரூ போடுமுன் எப்போதும் முன்துளை போடுங்கள். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 3 மில்லிமீட்டர் பிட். துளை போடாமல் முறுக்கினால் பலகை ஓரம் பிளக்கும். அன்றைக்குத் தெரியாத பிளவு ஆள் ஏறும்போது தெரியும்.

7. நடுப்படி

வாசல் உயரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள். 22 என்றால் 11. ஒரு படி குட்டையாகவும் அடுத்தது உயரமாகவும் இருந்தால் கால் ஏமாந்து இடறும்.

நாங்கள் செய்யும் அளவு 75 சென்டிமீட்டர் அகலம், 40 ஆழம். சட்டத்தின் உயரக் கணக்கில்தான் புதியவர்கள் தவறுவார்கள். 11 சென்டிமீட்டருக்குச் சட்டத்தை அறுத்துவிட்டு அதன்மேல் பலகையையும் வைப்பார்கள். படி 13 ஆகிவிடும். மொத்தம் 11. அதில் மேல்பலகை 1.8, வழுக்காமல் இருக்க அடியில் ஒட்டும் ரப்பர் 0.5. சட்டம் 8.7 சென்டிமீட்டர்.

சட்டத்தை முன், பின், இரு பக்கம் நான்காகச் சேர்த்து, உள்ளே சம இடைவெளியில் இரண்டு குறுக்குக் கட்டை கொடுங்கள். அது இல்லாவிட்டால் பலகை நடுவில் தொய்யும். மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவா என்று பார்த்தபின் பசை போடுங்கள். பசை காய்ந்தபின் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது. மேல்பலகை சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. அழகுக்காக இரண்டு இஞ்ச் நீட்டினால், அந்த விளிம்பில் கால் வைக்கும்போது படி முன்னால் கவிழப் பார்க்கும்.

தெரு சரிந்திருந்தால் எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தைச் சட்டத்தின் அடியில் இழைத்துச் சரிசெய்யுங்கள். அட்டை மடித்துச் சொருகுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

8. கட்டில் கட்டை

முழங்கால் மடிப்பு உயரத்தோடு 5 சென்டிமீட்டர் கூட்டுங்கள். கட்டில் அந்த உயரத்தில் இருந்தால் முழங்காலுக்கு எழும் சிரமம் குறையும், பாதமும் தரையை விடாது. மடிப்பு 42, அமுங்கிய கட்டில் 36 என்றால் ஏற்ற வேண்டியது 11. கணக்கு 15-ஐத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். அவ்வளவு உயரக் கட்டை ஆடும்.

15×15 சென்டிமீட்டரில் வெட்டிய பிளைவுட் துண்டுகளை ஆறு அடுக்காகப் பசை போட்டு ஒட்டினால் 10.8 வரும், அது போதும். அதன்மேல் கட்டில் கால் உட்காரக் குழி வேண்டும். உளியால் தோண்டப் பழகாத கை நான்கு குழியை ஒரே ஆழத்தில் தோண்டாது. கட்டில் காலைச் சுற்றி நான்கு ஓரத்திலும் பட்டையான துண்டுகளை இரண்டு அடுக்காக ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். மூன்றரை சென்டிமீட்டர் ஆழக் குழி தானாக வந்துவிடும். கால் உள்ளே போய் இரண்டு மில்லிமீட்டர் இடம் இருந்தால் சரி.

இரும்புக் கட்டில் என்றால் குழாய்க் காலின் அடியில் ரப்பர் புஷ் இருக்கிறதா பாருங்கள். வெறும் குழாய் பிளைவுட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும். சக்கரம் வைத்த கட்டிலைக் கட்டையில் ஏற்றவே கூடாது. கட்டிலே ஆடினால் முதலில் கட்டிலைச் சரிசெய்யுங்கள். இரவில் புரண்டு விழுகிற வழக்கம் உள்ளவர் என்று வீட்டார் சொன்னால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். உயரம் கூடினால் அடியும் கூடும்.

9. நாடாச் சாய்மானம்

பலகையில் சாய்மானம் செய்து முதுகில் வைத்தோம். மதுரை வெயிலுக்கு அரைமணியில் முதுகு வெந்து, எடுத்துவிடச் சொன்னார்கள். கட்டில் பின்னுகிற நைலான் நாடாவைச் சட்டத்தில் பின்னிய பிறகுதான் வேலைக்கு ஆனது. காற்று போகும், உடம்புக்கு ஏற்ப அமுங்கும். பின்ன வராவிட்டால் தெருவில் நாடாக் கட்டில் பின்னிய பெரியவர் யாராவது இருப்பார். எங்களுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்ததே அப்படி வீட்டோடு இருந்த ஒரு தாத்தாதான்.

இரண்டு சட்டம், கீல் போட்டு இணைத்தது. பின்னால் முட்டுக்கொடுக்கும் கால். கீழ்ச்சட்டத்தில் மூன்று வெட்டு இருந்தால் மூன்று சாய்வில் நிறுத்தலாம். உட்காரும் இடத்திலிருந்து உச்சந்தலை வரை அளந்து, மேல்கட்டை தலைக்கு மேலே போகும்படி செய்யுங்கள். குட்டையாகச் செய்தால் கட்டை பின்கழுத்தில் இடிக்கும். சட்டத்தின் முன்னோரம் எல்லாவற்றையும் உருட்டி இழைத்துவிடுங்கள். வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி, கூர் விளிம்பு பட்டாலே உரியும்.

மெத்தைமேல் வைத்தால் பின்னால் வழுக்கும். கட்டிலின் தலைமாட்டுக் காலோடு கட்ட இரண்டு வார் வையுங்கள். நிமிர்ந்த சாய்வு சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். வெகுநேரம் அப்படியே இருந்தால் உடம்பு கீழே சறுக்கி இடுப்படியில் தோல் தேய்ந்து புண்ணாகும். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் சறுக்கல் குறையும். ஏற்கெனவே புண் உள்ளவருக்குப் பிசியோதெரபிஸ்டோ நர்சோ பார்த்துச் சரி என்று சொன்னபின்தான் கொடுக்க வேண்டும்.

10. பாரம் பார்ப்பது, பிறகு பூச்சு

பூச்சுக்கு முன்பே பாரம் பாருங்கள். பெயிண்ட் அடித்துவிட்டால் கழற்றி மாட்ட மனசு வராது. நடுப்படியில் இரண்டு பேர் ஏறி நிற்கட்டும், ஒருவர் விளிம்பில் மட்டும் குதிக்கட்டும். கட்டில் கட்டையைக் கட்டிலோடு வைத்து நான்கு பேர் உட்கார்ந்து அசையுங்கள். “கிர்ர்” என்று ஒரு சத்தம் வந்தாலும் எங்கே என்று கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

படியின் மேல்புறத்துக்கு வார்னிஷ் வேண்டாம். நனைந்தால் வழுக்கும். எனாமல் அடித்து, ஈரமாக இருக்கும்போதே சலித்த ஆற்றுமணலைத் தூவி, காய்ந்தபின் ஒட்டாததைத் தட்டிவிட்டு இன்னொரு பூச்சு கொடுங்கள். முன்விளிம்பில் 5 சென்டிமீட்டருக்கு மஞ்சள் பட்டை அடியுங்கள். கண்புரை உள்ளவருக்குப் படி எங்கே முடிகிறது என்று அதுதான் காட்டும். அடித்த கையோடு கொண்டுபோகாமல் ஒரு வாரம் காற்றில் வையுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர் படுத்திருக்கும் பத்தடி அறையில் பெயிண்ட் நெடி சாதாரண விஷயமில்லை.

11. கொண்டுபோய் வைப்பது

காலை பத்து மணிக்கு மேல் போங்கள். கோலம், குளியல், மாத்திரை எல்லாம் முடிந்திருக்கும். மாலை, துண்டு, குரூப் போட்டோ வேண்டாம். வைத்ததும் ரசமட்டம் பாருங்கள். பயன்படுத்தப்போகிறவர் மூன்று முறை ஏறி இறங்கும்வரை ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். தூக்கி வைக்கப்போவது யார் என்று கேட்டு, அவரையே தூக்கச் சொல்லுங்கள். எங்கள் முதல் நடுப்படியை இரண்டு வாலிபர்கள் தூக்கி வந்தார்கள். அந்த வீட்டில் காலையில் அதை நகர்த்த இருந்தது எழுபது வயது ஆச்சி. அன்றே திரும்ப எடுத்துவந்து சட்டத்தை மெலிதாக்கி, இரு பக்கமும் கை நுழையத் துவாரம் போட்டோம்.

12. பத்து நாள் கழித்து

மறுபடி போங்கள். இதை விட்டுவிடும் குழுக்கள்தான் அதிகம். ஸ்க்ரூ தளர்ந்ததா, ரப்பர் கழன்றதா, நாடா தொய்ந்ததா பாருங்கள். புது நாடா முதல் வாரத்தில் நிச்சயம் தொய்யும். சாமான் மூலையில் கிடந்தால் “ஏன் பயன்படுத்தல?” என்று கேட்காதீர்கள், சங்கடப்படுவார்கள். “எந்த இடத்துல இடிக்குது?” என்று கேட்டால் உண்மை வரும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் என்று நோட்டில் அளவு, மர வகை, கொடுத்த தேதி எழுதி வையுங்கள். அந்தப் பெரியவர் காலமானால் வீட்டார் சாமானைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கருமாதி முடியும்வரை போய்க் கேட்காதீர்கள், அவர்களாகக் கூப்பிட்டால் உடனே போய் எடுத்துவாருங்கள். அதை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால், இன்னார் வீட்டில் இருந்தது என்று பெயர் சொல்லாமல், பழையது என்பதை மட்டும் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். நாடாவை உருவிப் புதிது பின்னிவிடுங்கள். கட்டில் கட்டையை அப்படியே கொடுக்க முடியாது. புது ஆளின் முழங்காலை அளந்துதான் அடுக்கைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.